மீட்டர் நன்றாகத்தான் காட்டியது: பிரான்மலையில் ஒரு மழைநாள் வானொலிப் பயிற்சி

ஓர் அக்டோபர் ஞாயிறு. பிரான்மலை உச்சியில் மூன்று பேர், காரைக்குடியில் ஒருவர். மதியம் 12.50 முதல் 2.00 மணி வரை மலையிலிருந்து போன ஓர் அழைப்புகூடக் காரைக்குடியில் கேட்கவில்லை. காரைக்குடி பேசியதோ மலையில் சொல் சொல்லாகக் கேட்டது. மலையில் இருந்த ரிக்கின் (பேசவும் கேட்கவும் உதவும் வானொலிப் பெட்டி) எஸ்டபிள்யூஆர் மீட்டர், அதாவது ஆண்டெனாவுக்குப் போன சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டர், அந்த எழுபது நிமிடமும் 1.4 என்று காட்டிக்கொண்டிருந்தது. ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி பழகியவர்களுக்குத் தெரியும், இந்த எண் குறைவாக இருந்தால் நல்லது, 1.4 என்றால் ஆண்டெனா பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. அவர்களும் பார்க்கவில்லை. அதே நேரத்தில் மேற்கே சிறுமலைப் பக்கமிருந்து ஓர் இடிமேகம் மலையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நால்வரும் நலம். ஒருவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அது திட்டத்தால் கிடைத்த நலம் இல்லை. இரு பக்கத்து லாக் புத்தகங்கள், காரைக்குடியில் பதிவான ஒலி, அன்று பயன்பட்ட கேபிள் ஆகிய மூன்றும் அப்புறம் என் மேசைக்கு வந்தன. அவற்றை வைத்தும் நால்வரிடமும் தனித்தனியே பேசியும் எழுதியது இது. பெயரும் அழைப்புக்குறியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

எதற்காக ஏறினார்கள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. செல்போன் கோபுரம் நின்றிருந்த இடத்திலும் அதற்கு மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நாளில் கோபுரமும் கரண்டும் இல்லாமல் ஊருக்கு ஊர் பேச ஒரு வழி வேண்டும் என்ற பேச்சு அப்போதிருந்தே உண்டு. ஹாம்களிடம் கேட்டால் 2004 டிசம்பரைச் சொல்வார்கள். அந்தமானில் வானொலி இயக்கப் போயிருந்த பாரதி பிரசாத், டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளைக் கடத்தியது இந்திய ஹாம்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை.

இந்தக் குழு செய்ய நினைத்தது எளிய பயிற்சி. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், தோளில் சுமந்து போகிற சாமானை மட்டும் வைத்து, மலை உச்சியிலிருந்து காரைக்குடிக்குச் செய்தி அனுப்பிப் பார்ப்பது. கூடவே ஒரு விளையாட்டும் சேர்ந்துகொண்டது. 2002ல் பிரிட்டனில் தொடங்கிய சம்மிட்ஸ் ஆன் தி ஏர் என்ற மலை உச்சி இயக்கத்தின் விதிகளை அவர்கள் கடன் வாங்கினார்கள். வண்டி பேட்டரி கூடாது, ஜெனரேட்டர் கூடாது, சாமானைச் சுமந்துதான் ஏற வேண்டும், நான்கு நிலையங்களோடு பேசினால்தான் புள்ளி உண்டு. விதி நல்ல விதிதான். ஆனால் அந்த நான்கு என்ற எண் அன்று என்ன வேலை செய்தது என்பது பின்னால் வரும்.

மலையும் சாமானும்

செட்டிநாடு தட்டையான பூமி. செம்புறைக் கல்லும் கண்மாயும் ஊருணியும் முள்காடும்தான் கண்ணுக்கெட்டிய வரை. குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் பெயரில் எவ்வளவு பெரிதானாலும் வானொலிக்காரர் கணக்கில் சின்னப் பாறைகள். மேற்கு ஓரத்தில் சிங்கம்புணரிக்கு அருகே நிற்கும் பிரான்மலைதான் நிஜமான உயரம். பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் மலை. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. சுற்றுச் சமவெளியிலிருந்து 500 மீட்டருக்கு மேல் எழும்புகிறது.

அந்த 500 மீட்டர் எதற்கு உதவும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 500க்கு 92 கிலோமீட்டர். காரைக்குடி நேர்கோட்டில் சுமார் 40, மதுரை சுமார் 50, திருச்சி 70க்குள். அதாவது அலைநீளம் 2 மீட்டர் உள்ள பட்டையில் ஒரு கைப்பெட்டி (வாக்கி டாக்கி) இருந்தாலே இந்த மூன்று ஊரும் எட்ட வேண்டும். இதைக் குழுவினரும் தெரிந்தே வைத்திருந்தார்கள். ஆனால் திட்டத்தில் கைப்பெட்டிக்கு ஒதுக்கிய வேலை, ஏறும்போதும் இறங்கும்போதும் முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் பேசிக்கொள்ள மட்டும். முக்கியத் தொடர்பு 40 மீட்டர் பட்டையில், 7.1 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில்.

அந்தத் தேர்வில் தப்பில்லை. புயல் நாளில் மலை ஏற முடியாது. ஊர் நடுவிலிருந்து 40 மீட்டரில்தான் பேச வேண்டியிருக்கும், அதனால் அதைப் பழக வேண்டும் என்பது நியாயம். தாழ்வாகக் கட்டிய டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இரண்டு கைக் கம்பி ஆண்டெனா) அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பி, அயனி மண்டலத்தில் மோதி, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டருக்குள் மழை மாதிரி இறக்கும். நடுவில் மலை இருந்தாலும் கவலையில்லை.

சாமான்: 10 வாட் ரிக், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 7 மீட்டர் நீளக் கண்ணாடியிழைக் கம்பம், பக்கத்துக்குப் பத்து மீட்டராக இரண்டு கை கொண்ட டைபோல், அதை ரிக்கோடு இணைக்க 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். கம்பம் கண்ணாடியிழை என்பதை நன்றாக விசாரித்து வாங்கியிருக்கிறார்கள். கடையில் மீன்பிடிக் கம்பு என்று கேட்டால் பெரும்பாலும் கார்பன் இழைதான் தருவார்கள், அது மின்சாரத்தைக் கடத்தும். கேபிள் மட்டும் புதிதாக வாங்கியது இல்லை. ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் சில வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. மேலுறை நன்றாக இருந்தது, கனெக்டரும் பளபளப்பாக இருந்தது. யார் பார்த்தாலும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

காரைக்குடி நிலையம் ஒரு பழைய நகரத்தார் வீட்டில். உரிமையாளர்கள் சென்னையில் இருக்கிறார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் ஆபரேட்டர். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடு என்பதால் 20 மீட்டர் கம்பியை முகப்பு மாடியிலிருந்து இரண்டாம் கட்டு ஓட்டு உச்சி வரை நேராகக் கட்ட முடிந்திருக்கிறது. சென்னையில் பால்கனிக் கம்பியில் ஆண்டெனாவைச் சுருட்டி வைத்துக்கொண்டு அல்லாடும் ஹாம்கள் இதைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள்.

காலை நன்றாகப் போனது

புரட்டாசியைப் பற்றி ஒரு சொல் உண்டு: பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும். தமிழ்த் தேதிப்படி அன்று ஐப்பசி பிறக்கப் போகிற நேரம், வானமோ புரட்டாசி வானம். காலையில் வெயில் பாறையைச் சுட்டது. தென்மேற்குப் பருவக்காற்று ஓயும் இந்தக் காலத்தில் காலைச் சூட்டில் எழும் ஈரக்காற்று, மதியத்துக்கு மேல் மேற்கேயுள்ள மலைகளில் மேகமாகத் திரண்டு, கிழக்கே கடலைப் பார்த்து நகரும். அதாவது பிரான்மலைக்குக் காரைக்குடியைவிட முன்னால் மழை வரும். காரைக்குடியில் நிற்பவருக்கு வானம் பளிச்சென்றுதான் இருக்கும்.

10.10க்குக் காரைக்குடியோடு முதல் தொடர்பு. சிக்னலின் பலத்தைச் சொல்லும் எஸ் அளவில் மலை காரைக்குடியில் எஸ் 7, காரைக்குடி மலையில் எஸ் 9. அப்புறம் தஞ்சாவூர்ப் பக்கத்து நிலையம் ஒன்று, மதுரை நிலையம் ஒன்று. 11.30க்குள் மூன்று ஆகிவிட்டது. இன்னும் ஒன்றுதான் வேண்டும். உச்சி வெயிலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு 40 மீட்டர் அலையை உறிஞ்சும் என்பதால் நடுப்பகலில் பட்டை அமைதியாகிவிட்டது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

12.35க்கு ஒரு தூறல். ரிசீவரில் உஸ்ஸென்று ஓர் இரைச்சல் ஏறி, எஸ் 7 வரை போய், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கியது. மின்னேற்றம் கொண்ட மழைத்துளிகள் கம்பியில் விழும்போது வரும் சத்தம் இது. மழையில் ஆண்டெனா கட்டியவர்களுக்குப் பழக்கமானதுதான். மலைக் குழுவின் தலைவர் ஓர் இயற்பியல் ஆசிரியர். அவர் லாக்கில் இப்படி எழுதியிருக்கிறார்: "12.50. மழை இரைச்சல் நின்றது. பட்டை இப்போது காலையைவிடச் சுத்தம். இரைச்சல் 5லிருந்து 4க்கு இறங்கியிருக்கிறது."

எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமான வரி இதுதான். இரைச்சல் தானாகக் குறையாது. வெளியே இரைச்சல் அப்படியே இருக்க, ரிசீவருக்கு வருவது மட்டும் குறைந்திருக்கிறது. அதே நேரத்தில் காரைக்குடியின் சிக்னலும் 9லிருந்து 8க்கு இறங்கியதை அவர் அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறார். இரண்டும் சேர்ந்து ஒரே அளவு இறங்கினால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. 40 மீட்டரில் ரிசீவர் தடுமாறுவது தன் உள்ளிரைச்சலால் இல்லை, வானத்து இரைச்சலால்தான். எனவே கேபிள் எவ்வளவு விழுங்கினாலும், சிக்னலையும் இரைச்சலையும் சம அளவில் விழுங்கும்வரை, கேட்பது கெடாது. அனுப்புவதில் அந்தச் சலுகை கிடையாது.

எழுபது நிமிடம்

காரைக்குடி அண்ணன் ரிக்கோடு ஒரு கணினியையும் வைத்திருந்தார். 12.40க்குக் காரைக்கால் ரேடார் படத்தில் சிறுமலை மேல் ஒரு சிவப்புத் திட்டைப் பார்த்திருக்கிறார். மலைக்குச் சுமார் 48 கிலோமீட்டர் மேற்கே. சொல்லலாம் என்று மைக்கை எடுத்தார். பதிவில் அவர் குரல் இது:

"பிரான்மலை, பிரான்மலை, காரைக்குடி கூப்பிடுது. கேக்குதா? ஓவர்."

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். மலையில் இது எஸ் 8ல் கேட்டது, மூன்று பேரும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். காரைக்குடியில் எதுவும் விழவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இதே கேள்வி, இதே பதில். ரேடாரில் பார்த்ததை அவர் ஒரு தடவையும் வாயால் சொல்லவில்லை. தனக்குக் கேட்காததால் அவர்களுக்கும் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டார். மனிதருக்கு இயல்பான முடிவுதான், தொலைபேசி நம்மை அப்படித்தான் பழக்கியிருக்கிறது. வானொலியில் இரண்டு திசையும் இரண்டு தனிப் பாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். பதில் வராத நேரத்தில்தான் செய்தியைக் குருட்டாம்போக்கில் இரண்டு தடவை முழுதாகச் சொல்ல வேண்டும். கப்பலிலும் விமானத்திலும் இதற்கென நடைமுறையே உண்டு.

மலையில் என்ன செய்தார்கள்? பேட்டரியைப் பார்த்தார்கள், 13.1 வோல்ட். மைக் ஒயரை ஆட்டிப் பார்த்தார்கள். பவர் மீட்டர் 10 வாட். எஸ்டபிள்யூஆர் 1.4, காலையில் 1.3 இருந்தது. எல்லாம் சரி. அப்படியானால் காரைக்குடி ரிசீவரில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். வேறு நிலையம் கிடைக்குமா என்று பட்டையைத் தேடத் தொடங்கினார்கள், நாலாவது தொடர்பும் ஆகிவிடுமே! இறங்குவது பற்றி 1.15க்கு ஒரு பேச்சு வந்திருக்கிறது. "ஒன்னுதானே சார் வேணும், பாத்துட்டுப் போயிருவோம்" என்று சொன்னது யார் என்று மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அதை நான் துருவவில்லை.

1.40க்கு முதல் இடி காதில் விழுந்தது. 1.50க்கு மின்னலைப் பார்த்து எண்ணியதில் இடிக்கு 24 விநாடி. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர், ஆக எட்டு. 2.00 மணிக்குக் கூட இருந்த கல்லூரித் தம்பி, சும்மா இருக்கிறதே என்று கைப்பெட்டியை எடுத்து 2 மீட்டரில் கூப்பிட்டான். சொல்லி வைத்து எடுத்தது இல்லை. காரைக்குடியில் அந்தப் பெட்டி ஓர் ஓரத்தில் திறந்துதான் இருந்தது.

"அண்ணே, கேக்குதாண்ணே?"

"கேக்குது தம்பி, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குது! எங்கப்பா போனீங்க? நத்தம் தாண்டிருச்சு மழை, சிவப்பா வருது. எல்லாத்தையும் போட்டுட்டு எறங்குங்க, முதல்ல எறங்குங்க."

ஐந்து வாட், ரப்பர் வால் ஆண்டெனா, நடுவில் எந்த மறைப்பும் இல்லை. 145 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. மழை அலையைத் தின்பதெல்லாம் பத்து கிகாஹெர்ட்ஸ் பக்கம் போனால்தான். எல்லாவற்றையும்விட, கைப்பெட்டிக்கும் அதன் ஆண்டெனாவுக்கும் இடையில் கேபிள் கிடையாது.

கம்பத்தையும் கம்பியையும் கேபிளையும் மேலேயே விட்டுவிட்டு 2.10க்கு இறங்கத் தொடங்கினார்கள். அன்று எடுத்த முடிவுகளில் ஆகச் சிறந்தது இது. 2.20க்கு மழை பிடித்தது. இறக்கத்தில் ஈரப்பாறையில் ஒருவர் வழுக்கி விழுந்தார். 3.20க்கு அடிவாரம்.

கேபிளை மேசையில் போட்டபோது

மறுநாள் காலை இருவர் ஏறி எல்லாவற்றையும் எடுத்து வந்தார்கள். கேபிளை உலர விடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். ஒரு முனையில் 10 வாட் கொடுத்து, மறுமுனையில் ஆண்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடு மாட்டி அளந்தேன். போய்ச் சேர்ந்தது 2.5 வாட். சக்தி கூடுவதையும் குறைவதையும் அளக்கும் டெசிபெல் கணக்கில் ஆறு இழப்பு. நல்ல ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் 15 மீட்டரில் அரை டெசிபெலுக்குச் சற்று மேல் விழுங்கினால் அதிகம்.

இப்போது மீட்டர் ஏன் 1.4 காட்டியது என்று பார்க்கலாம். எஸ்டபிள்யூஆர் மீட்டர் பார்ப்பது, போன சக்தியில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதை. கேபிள் போகும் வழியில் ஆறு டெசிபெல் தின்கிறது, ஆண்டெனாவில் மோதித் திரும்புவதிலும் இன்னோர் ஆறு தின்கிறது. மீட்டருக்குத் திரும்பி வருவது கொஞ்சமே கொஞ்சம். ஆண்டெனா எவ்வளவு மோசமாக இருந்தாலும் மீட்டருக்கு அது தெரியாது. 1.4ஐ வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஆண்டெனாவின் உண்மையான எஸ்டபிள்யூஆர் 5க்குப் பக்கத்தில் வருகிறது. அதற்கும் காரணம் கிடைத்தது. தூறலில் நனைந்த கயிறு தளர்ந்து, டைபோலின் ஒரு கை நுனி ஈரப்புதர் மேல் கிடந்ததை மறுநாள் ஏறியவர்கள் போட்டோ எடுத்து வந்திருந்தார்கள். புதர் ஏறிய கம்பி 5 காட்டியிருந்தால் உடனே போய்த் தூக்கிக் கட்டியிருப்பார்கள். கேபிள் அந்தக் கோளாறை மறைத்துவிட்டது.

இரண்டையும் சேர்த்தால், மதியம் வானத்துக்குப் போனது ஒன்றரை வாட்டுக்கும் குறைவு. ஒரு வாரம் வெயிலில் உலர்த்திவிட்டு அளந்தபோது இழப்பு 1.5 டெசிபெலுக்கு இறங்கியது. காலையில் அந்த நிலை என்று கொண்டால் அப்போது ஏழு வாட்டுக்குச் சற்றுக் குறைவாகப் போயிருக்கும். வித்தியாசம் ஏழு டெசிபெல், எஸ் மீட்டரில் ஒரு புள்ளியும் கொஞ்சமும். மலை லாக்கில் 9 எட்டானதும், 5 நாலானதும் இதோடு பொருந்துகிறது.

ஏழு டெசிபெல் என்பது ஒரு தொடர்பையே அறுக்கும் அளவா? காரைக்குடியில் காலையில் மலை எஸ் 7, ஊர் இரைச்சல் எஸ் 5. எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் நிறைந்த தெருவில் அதற்குக் கீழே இறங்காது. ஒரு புள்ளிக்கு ஆறு டெசிபெல், ஆக இடைவெளி பன்னிரண்டு. அதில் ஏழு போனால் மிச்சம் ஐந்து. மதியம் மாவட்டம் முழுக்க வெட்டிய மின்னலின் பொரிச்சலில் காரைக்குடி இரைச்சல் 6க்கு ஏறியது, அந்த ஐந்தும் போயிற்று. அதிகாலையிலோ மாலையிலோ, ஊருக்கு வெளியே உள்ள ஒரு நிலையத்துக்கோ இதே ஒன்றரை வாட் தட்டுத் தடுமாறியாவது கேட்டிருக்கும். 100 வாட் ரிக் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று உடனே ஒருவர் சொன்னார். அந்தக் கேபிளில் 100 வாட் போட்டிருந்தால் வானத்துக்குப் பதினான்கு வாட் போயிருக்கும், மீதிக்குப் பேட்டரி சுமக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும்.

தண்ணீர் எங்கே புகுந்தது? கனெக்டர் பக்கம் நான் முதலில் சந்தேகப்பட்ட இடம், அங்கே எல்லாம் உலர்ந்திருந்தது. மறுமுனைதான் விஷயம். டைபோல் நடுவில் கேபிளின் உறையை உரித்து, செப்புப் பின்னலை ஒரு பக்கமும் நடுக்கம்பியை மறுபக்கமும் பிரித்து, மேல்நோக்கிச் சாய்த்து முறுக்கியிருந்தார்கள். மேலே கொஞ்சம் இன்சுலேஷன் டேப். அந்தப் பின்னல், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, மழைநீரை உறைக்குள் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நடுவில் இருக்கும் பாலிதீன் தண்ணீர் குடிக்காது, பின்னல்தான் குடிக்கும். பிளேடால் உறையைக் கீறிக்கொண்டே போனேன். நுனியில் பின்னல் கறுத்திருந்தது, ஒரு மீட்டரில் பச்சைப் பொடி, நான்கு மீட்டர் தாண்டியும் விரலில் ஈரம். செம்பு ஒரே நாளில் கறுக்காது. மொட்டைமாடியில் கிடந்த வருடங்களில் பிடித்த நோய், அன்றைய தூறலில் படுத்துவிட்டது. காரைக்குடியோ சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிற ஊர். உலோக அரிப்பைப் படிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிற ஊரில் மொட்டைமாடிக் கேபிளை யாரும் சந்தேகப்படவில்லை என்பது வேடிக்கைதான்.

இதை மலையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, ஒரு நிமிட வேலை. கேபிளின் ஆண்டெனா முனையைக் கழற்றி அந்தரத்தில் விட்டுவிட்டு இந்த முனையில் நானோ விஎன்ஏ போன்ற சின்ன அனலைசரை வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றுமே மாட்டாத கேபிள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டும், எஸ்டபிள்யூஆர் பயங்கரமாக இருக்க வேண்டும். புதிய 15 மீட்டர் துண்டில் எனக்கு 14க்கு மேல் காட்டியது. இந்தக் கேபிளில் 1.7! மறுமுனையில் ஆண்டெனாவே இல்லாதபோதும் நல்ல ஆண்டெனா இருப்பதாகச் சொல்லும் கேபிள். ரிக்கை வைத்து இந்தச் சோதனை செய்யக் கூடாது, வெளியேறும் டிரான்ஸிஸ்டர் போய்விடும்.

இடிக்கு எவ்வளவு முன்னால்

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைந்தால் ஒதுங்கு, கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் வெளியே வராதே என்ற விதி எல்லாருக்கும் தெரியும். மலைக் குழுவினருக்கும் தெரிந்திருந்தது, அதன்படிதான் 1.50க்கு எண்ணினார்கள். அந்த விதி, பத்து நிமிடத்தில் ஒரு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடக் கூடியவர்களுக்காக எழுதியது. பிரான்மலை உச்சியில் அது செல்லாது.

அன்றைய மேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்தது. இடி காதில் விழும் தூரம் பதினைந்து, மிஞ்சிப்போனால் இருபது கிலோமீட்டர். முதல் இடி கேட்ட கணமே கிளம்பினாலும் கையில் இருப்பது நாற்பது நிமிடம். இறங்க ஆகும் நேரம் எழுபது நிமிடம், அதுவும் காய்ந்த பாறையில். மீதி அரைமணி நேரம் திறந்த பாறையில், மின்னலுக்குக் கீழே. வழியில் கல் மண்டபம் இருக்கிறதே, பாறை இடுக்கு இருக்கிறதே என்றால், அவை மழைக்கு ஒதுங்கத்தான். நான்கு பக்கமும் திறந்த மண்டபமும் பாறைக் குகையும் மின்னலிலிருந்து காக்காது. பாறையில் விழுந்த மின்னல் ஈரப்பரப்பு வழியாக ஓடி, ஒதுங்கி நிற்கிற ஆளையும் கடந்துதான் போகும்.

ஆகவே இந்த மலையில் இறங்கச் சொல்ல வேண்டியது காது இல்லை, நாற்பது ஐம்பது கிலோமீட்டரில் மேகத்தைப் பார்க்கும் கண். அந்தக் கண் காரைக்குடியில் இருந்தது. 12.40க்கே பார்த்துவிட்டது. 12.50க்குக் கிளம்பியிருந்தால் 2.00 மணிக்கு அடிவாரத்தில் டீ குடித்திருப்பார்கள். புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி செயலியும் சுற்றுவட்டார மின்னலைச் சொல்லும், ஆனால் அது 40 கிலோமீட்டருக்குள், அதுவும் மலையில் டேட்டா கிடைத்தால். அதை நம்பி ஏறுவதைவிட, ஊரில் ஒருவர் ரேடாரைப் பார்த்துச் சொல்வது மேல்.

ஆண்டெனாவைத் தரையோடு சேர்க்கும் மின்தடை, மின்னல் தடுப்புச் சாதனம் பற்றியெல்லாம் அப்புறம் நிறையப் பேசினார்கள். மழைத்துளி ஏற்றும் மின்னேற்றத்தை வடியவிட ஒரு லட்சம் ஓம் மின்தடை ஒன்று போதும், அது ரிக்கின் ரிசீவரைக் காக்கும். நேரடி மின்னலுக்கு முன் அது ஒன்றுமே இல்லை. இடி கேட்டதும் கேபிளை ரிக்கிலிருந்து கழற்றித் தூரப் போடுவதும், கம்பத்தைத் தொடாமல் விலகுவதும்தான் செய்யக்கூடியது. கம்பத்தை மடக்கிக் கட்ட நிற்கவே கூடாது.

மாற்றியவை

கேபிள் குப்பைக்குப் போனது. புதிய கேபிள் டைபோல் நடுவில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் கீழிருந்து மேலாக நுழைகிறது. நுழையும் முன் ஒரு தொங்கு வளைவு, தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். உரித்த பின்னல் முழுவதும் எம்சீல், அதற்கு மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். திறந்த முனைச் சோதனையை ஏறுவதற்கு முன் ஒருமுறையும், மழை பெய்து ஓய்ந்தால் மறுபடியும் செய்கிறார்கள். காலையில் குறித்த இரைச்சல் அளவு காரணமில்லாமல் குறைந்தால் அதையும் சந்தேகப்படச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் இரைச்சல் ஏறினால் கவலைப்படுவார்கள், இறங்கினால் சந்தோஷப்படுவார்கள். பழக்கத்தை மாற்றுவது கேபிளை மாற்றுவதைவிடக் கஷ்டம்.

காரைக்குடி அண்ணன் மேசையில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. பத்து நிமிடம் பதில் வராவிட்டால், கேட்கிறதா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, வானிலைச் செய்தியை முழுதாக இரண்டு தடவை சொல்ல வேண்டும், 40 மீட்டரிலும் 2 மீட்டரிலும். மலையில் இருப்பவர்கள் அரைமணிக்கு ஒருமுறை கைப்பெட்டியில் காரைக்குடியைக் கூப்பிட வேண்டும், 40 மீட்டர் நன்றாக வேலை செய்தாலும். சிறுமலை மேல் சிவப்புத் திட்டு வந்தால் இறங்க வேண்டும், எத்தனை தொடர்பு ஆகியிருந்தாலும்.

நான்கு தொடர்பு விதியை எடுத்துவிடலாம் என்று இயற்பியல் ஆசிரியர் சொன்னார். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. விளையாட்டு இல்லாவிட்டால் யார் மலை ஏறுவார்கள் என்பது அவன் கட்சி. எனக்கும் அதில் பாதி சம்மதம். இப்போதைக்கு ஏற்பாடு இது: அக்டோபரில் ஏறினால் நான்கையும் காலை பதினொன்றுக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் புள்ளி இல்லை. அதற்காக இருட்டோடு ஏற வேண்டியிருக்கிறது என்று மூன்றாமவர் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். முழங்கால் சிராய்ப்பு அவருக்குத்தான்.